குலசிங்கனார் மிதவை ஏவிய படலம்

வழிவிடுக, வணங்குக, வாய்மூடி நிற்க! ஐந்தடி ஐந்தங்குல உயரமும் எண்பத்தாறு கிலோ எடையும் கொண்ட ஆண்தகை, ரொறன்ரோ மாநகரின் நெடுவீதிகளில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேருந்து செலுத்தியும் ஒரு பயணியிடமேனும் முகம் சுளிக்காத (என்று தம் வாயாலேயே சொல்லிக்கொள்ளும்) பொறுமைப் பெருங்கடல், டோர்செட் பார்க் அடுக்குமாடியின் பதினான்காம் தளத்துத் தனிப்பெருந் தலைவர், ஐம்பத்து மூன்றாம் வயதில் இரப்பர் உடுப்புக்குள் தம் தொந்தியைத் திணித்துத் தண்ணீருக்குள் பின்புறமாய்ச் சரிந்து விழுந்த தன்னிகரில்லாச் சுழியோடி, குலசிங்கனார் இதோ வருகிறார்! கதவோரம் நிற்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்கள்.

காவியம் பாடப் புகுந்தவன் முதலில் ஒரு தேவதையைக் கூப்பிட வேண்டும் என்பது முறை. ஐம்பெரும் ஏரிகளையும் ஆளும் நீரரசியே, ஆடி மாதத்திலும் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டுப்போல் சில்லிட்டுக் கிடக்கும் செருக்குடையாளே, என் நாவில் வந்து அமர்வாயாக! நீந்தத் தெரியாத என்னை நீருக்கடியில் நடந்த போரைப் பாடவைப்பாயாக! நான் பாடப்போவது மண்ணைப் பிடித்த போரன்று, முடியைப் பறித்த போருமன்று. ஒரு மனிதர் காற்றுப்பை ஒன்றைத் தண்ணீருக்கு மேலே அனுப்ப முயன்ற போர். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டால் நல்லது.

அந்தக் காற்றுப்பையின் மாண்பை என்னென்பது! மேற்பரப்பு அடையாள மிதவை என்பது அதன் முழுத் திருநாமம். சுழியோடிகள் அதை எஸ்.எம்.பி என்று செல்லமாக அழைப்பார்கள். சுருட்டினால் தொடைப்பைக்குள் அடங்கும், காற்றை நிரப்பினால் கொடிமரம்போல் நிமிரும். சுழியோடி மேலே வருமுன் ஆறு மீற்றர் ஆழத்தில் நின்று தன் மூச்சுக்காற்றில் கொஞ்சத்தை அதற்குள் ஊதிவிட, அது கயிற்றை இழுத்துக்கொண்டு மேலே பாய்ந்து, அலைமேல் எழுந்து நின்று, 'இங்கே கீழே ஒரு மனிதப் பிறவி இருக்கிறது, அதன் தலைமேல் படகை ஓட்டிவிடாதீர்கள்' என்று உலகோர்க்கு அறிவிக்கும். கயிற்றின் மறுமுனை உள்ளங்கை அகல உருளை ஒன்றில் சுற்றியிருக்கும். அந்த உருளையை விரல்களுக்கிடையே தளர்வாகப் பிடித்திருந்தால் அது தானாகச் சுழன்று கயிற்றை விடும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இதை அரை மணி நேரத்தில் பழகிவிடுகிறார்கள்.

அப்படியிருக்க, இந்தப் போர் ஏன் மூண்டது? காரணம் மகள் நிலாணி. பதினைந்து வயதில் காதில் எதையோ செருகிக்கொண்ட அந்தப் பிள்ளை இருபத்து மூன்று வயது வரை அதைக் கழற்றவில்லை. தகப்பனும் மகளும் ஒரு நாளில் பேசும் சொற்களை எண்ணினால் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். "சாப்பிட்டியோ?" "ம்." "எங்க போறாய்?" "வெளிய." இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் சுழியோடப் பழகுவதற்குப் பெயர் கொடுத்தபோது, நீருக்குள் தனியே இறங்கக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும் என்றார்கள். அதுவரை நீச்சல் குளத்தில் இடுப்பளவுக்கு மேல் இறங்கியிராத குலசிங்கனார், "நான் வாறன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக ஆறு மாதம் சமூக நிலையக் குளத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நீந்தப் பழகினார். அவருக்கு முன்னால் நின்ற பிள்ளைக்குப் பதக்கம் கொடுத்தார்கள், அவருக்குக் கொடுக்கவில்லை.

நீருக்கடியில் யாராலும் பேச முடியாது. ஆகவே அங்கே மகள் பேசாதிருந்தது அவருக்குக் குறையாகத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று நடந்தது. தரையில் ஏறெடுத்தும் பாராத அந்தப் பிள்ளை, நீருக்கடியில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி, அவர் கண்ணை நேராகப் பார்த்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்து 'சரியா?' என்று கேட்டாள். அவரும் வட்டம் காட்டினார். அந்த வட்டத்துக்காகவே அந்த மனிதர் இரண்டு கோடைகள் பல் கிடுகிடுக்கக் குளிர்நீரில் கிடந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, நான் சொல்கிறேன்.

இப்போது நிலாணிக்குத் தொலைவிலுள்ள கல்கரியில் வேலை கிடைத்துவிட்டது. செப்டெம்பரில் போகிறாள். அதற்கு முன், ஓகஸ்ட் முதற் சனிக்கிழமை, ஏரிக்கரை ஊரான டொபமோரியிலிருந்து புறப்படும் படகொன்றில், ஏரியின் அடியில் கிடக்கும் பழங்கப்பலைக் காண இருவருக்கும் இடம் எடுத்தாகிவிட்டது. படகுத் தலைவரின் ஆணை ஒன்றே ஒன்று. மிதவை ஏவத் தெரிந்தவர் என்று பயிற்றுநர் ஒப்பமிட்ட தாள் இல்லாதவர் நீரில் இறங்கலாகாது. நிலாணியிடம் தாள் இருந்தது, தகப்பனிடம் இல்லை. அவளோடு இன்னுமொரு முறை வட்டம் காட்ட வேண்டுமானால் குலசிங்கனார் பையை ஏவியே ஆகவேண்டும்.

ஆயுதத் தெரிவு மூன்று கிழமை நடந்தது. பேருந்து நிலையத்தில் ஓய்வு கிடைத்த ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் நம் நாயகர் கைத்தொலைபேசியில் மிதவைகள் பற்றிய காணொளிகளை ஆராய்ந்தார். அடிப்பக்கம் திறந்த பை, நிரப்ப எளிது, ஆனால் மேலே போய்ச் சரிந்தால் காற்றெல்லாம் ஓடிவிடும். அடிப்பக்கம் மூடிய பை, காற்று ஓடாது, ஆனால் சிறு குழாயில் வாய்வைத்து ஊதவேண்டும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது சாதி ஒன்று உண்டு. அடி திறந்திருக்கும், உள்ளே நாக்குப்போல் ஒரு மடிப்பு இருந்து, புகுந்த காற்றைத் திரும்பிப் போக விடாது. காற்று மிஞ்சினால் துணி வெடிக்காதபடி பக்கத்தில் ஒரு வால்வும் இருக்கும். அதையே அவர் தேர்ந்தார். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் அவர் புத்தியோடு நடந்தார் என்பதை நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

நிறத்தில் முதற் பூசல் எழுந்தது. "மஞ்சள் எடுங்கோ, மங்களமா இருக்கும்" என்றார் அவருடைய மனைவி யோகராணி. நம் நாயகர் உடனே பயிற்றுநர் சீமோனைத் தொலைபேசியில் அழைத்தார். சீமோன், வார நாட்களில் வீடுகளுக்கு மின்கம்பி இழுப்பவர், வார இறுதியில் மனிதர்களைத் தண்ணீருக்குள் இறக்குபவர், இரண்டு தொழிலிலும் பதற்றப்பட்டதே இல்லை. "அண்ணை, மஞ்சளைச் சில இடங்களில ஆபத்தெண்டால்தான் விடுறவை. செம்மஞ்சள் எடுங்கோ. ஒரு மீற்றர் நீளம் காணும்" என்றார். முதல் அறிவுரையைக் குலசிங்கனார் ஏற்றார். இரண்டாவது காதில் விழாததுபோல் தொலைபேசியை வைத்தார்.

ஒரு மீற்றராம்! சுழியோடிச் சாமான் கடையில் நின்ற பெண்ணும் அதையேதான் சொன்னாள். பழகுகிறவர்களுக்குச் சிறியதே கைக்கு அடங்கும் என்றாள். ஆனால் பள்ளிச் சப்பாத்து வாங்கும்போது இரண்டு அளவு பெரிதாக வாங்கியே பிள்ளையை வளர்த்த ஒரு வம்சத்தின் கொழுந்து, கைக்கு அடங்குவதை வாங்குமா? சுவரில் தொங்கிய மிதவைகளுள் ஆகப் பெரியதன்மேல், ஒரு மீற்றர் எண்பது சென்ரிமீற்றர் நெடுமேனிப் பேருருவின்மேல், அவர் பார்வை போய்த் தங்கியது. கடை முழுதும் கேட்க அவர் முழங்கினார்: "சின்னனை ஆர் பாப்பினம்? எடுக்கிறதெண்டால் பெருசா எடுக்கவேணும்!"

"அப்பா, உது உங்களை விட உயரம். சீரியஸ்லி?" என்றாள் நிலாணி. அந்த வாரத்தில் அவள் அவரிடம் பேசிய ஆக நீளமான வசனம் அது. அந்த மகிழ்ச்சியிலேயே அவர் அதை வாங்கிவிட்டார். பெரிய பைக்குள் அதிக காற்றுப் போகும், அதிக காற்றுப் போனால் அதிக பலத்தோடு மேலே இழுக்கும் என்ற சின்ன உண்மை, அந்தக் கடையிலிருந்து வீடு வரை யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த வீரவாள் உறையில் உறங்குமா? அன்று மாலையே வரவேற்பறையின் நடுவில் நின்று, தம் மூச்சு முழுவதையும் அதற்குள் ஊதி, முகம் கத்தரிக்காய் நிறம் கொள்ளும் வரை ஊதி, அந்த நெடுந்தூணை நிமிர்த்தினார். அது எழுந்தது, ஆடியது, சோபாவைத் தடவியது, கூரை விளக்கின் கண்ணாடி மூடியை ஓங்கி இடித்தது. சமையலறையிலிருந்து வந்த யோகராணி இடுப்பில் கைவைத்து நின்று அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "உது என்ன, கார் விக்கிற இடத்தில காத்தடிச்சு ஆட்டுவினமே, அந்தப் பொம்மையோ?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உதை நம்பியோ பிள்ளையும் நீங்களும் அவ்வளவு ஆழத்துக்குப் போறியள்?" என்றார். அந்த இரண்டாவது கேள்வியில் பகடி இல்லை. அடுத்த நாளே பையையும் உருளையையும் ஒரு சொப்பிங் பாக்கில் போட்டுக்கொண்டு அவர் கோயிலுக்குக் கிளம்பினார்.

இந்தக் குடும்பத்தில் புதிதாக எது வந்தாலும் முதலில் கோயில் வாசலைக் கண்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். கார் வந்தபோது நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். நிலாணியின் மடிக்கணினி நெற்றியில் சந்தனத்தோடு பல்கலைக்கழகம் போனது. எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் அடுப்புக்கூட மூன்று முறை கற்பூரம் சுற்றப்பட்ட பிறகே முதல் வாழைக்காயைத் தொட்டது. ஆனால் மிதவையைக் கண்ட ஐயர் கொஞ்சம் திகைத்தார். பொட்டு வைக்க நெற்றியும் இல்லை, பழம் வைக்கச் சில்லும் இல்லை. "தண்ணிக்குள்ள போற சாமான் ஐயா, ஒரு காப்பாவது கட்டிவிடுங்கோ" என்றார் யோகராணி. ஐயர் மஞ்சள் பூசிய பருத்தி நூலை எடுத்து, உருளையின்மேல், சுற்றியிருந்த கயிற்றையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, மந்திரம் சொல்லி, ஏழு முடிச்சுப் போட்டார். சுழலவேண்டிய உருளை அன்றிலிருந்து சுழலாத உருளையாயிற்று.

குலசிங்கனார் அதைக் காணாமல் இல்லை. சீமோன் வைக்கவிருந்த சனிக்கிழமைப் பரீட்சைக்கு முன்தினம் சாமான்களை அடுக்கும்போது கண்டார். நகவெட்டியைக் கையில் எடுத்தும் விட்டார். "இஞ்சேருங்கோ, காப்பை வெட்டுறதோ! அது தானா அறுந்து விழவேணும்!" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. அவர் நகவெட்டியை வைத்துவிட்டு நெடுநேரம் சிந்தித்தார். தண்ணீரில் நனைந்தால் நூல் தானாக இளகிவிடும் என்ற முடிவுக்கு வந்தார். நனைந்த பருத்தி முடிச்சு இறுகுமே தவிர இளகாது என்பது, சின்ன வயதில் காற்சட்டை நாடாவை மழையில் நனையவிட்டு மலசலகூட வாசலில் துள்ளிக்கொண்டு நின்ற எல்லோருக்கும் தெரியும். பெரிய சிந்தனையாளர்களுக்கு இவ்விதமான சிறு விடயங்கள் நினைவில் நிற்பதில்லை.

போர்க்களம், நகருக்கு வெளியே ஒன்றரை மணி நேரத் தொலைவில், கல் உடைத்து முடிந்தபின் நீர் நிறைந்துபோன ஒரு பெருங்குழி. பழகுகிறவர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும் என்று அதன் அடியில் பழைய பள்ளிக்கூடப் பேருந்து ஒன்றை இறக்கியிருந்தார்கள். வாரம் ஐந்து நாள் பேருந்துக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதர், ஆறாவது நாள் முதுகில் காற்றுக் கலன் சுமந்து, குளிரில் நடுங்கி, ஒரு பேருந்தைப் பார்க்கத் தண்ணீருக்குள் போகிறார். இறங்கியதும் அவர் அதன் சில்லுகளைத்தான் முதலில் பரிசோதித்தார்.

இறங்குமுன் கரையில் சீமோன் கட்டளை கூறினார். "அண்ணை, வடிவாக் கேளுங்கோ. மேல ஆரும் இல்லையெண்டு பாருங்கோ. அரை மூச்சுத்தான் ஊதுங்கோ, மிச்சக் காத்து மேல போகப்போகத் தானா விரியும். கயிறு சிக்கினால் உருளையை விட்டிடுங்கோ. சாமான் வேற வாங்கலாம், ஆள் வேற வாங்கேலாது." குலசிங்கனார் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையசைத்தார். சாமான் எல்லாம் சரிபார்த்தாயிற்றா என்று சீமோன் கேட்டதற்கு, தொடைப்பையைத் தட்டி, "ஓம், எல்லாம் ஓகே" என்றார். அந்த ஓம் அவர் வாழ்நாளில் சொன்ன பொய்களுள் மிகச் சுருக்கமானது.

ஆறு மீற்றர் ஆழம்! பச்சை இருள்! எதிரே மகள், பக்கத்தில் சீமோன், கீழே பேருந்து! வீரர் தொடைப்பைக்குள் கைவிட்டார், ஆயுதத்தை உருவினார், சுருளை அவிழ்த்தார், செம்மஞ்சட் பேருருவை நீருக்குள் நெடுக விரித்தார். மேலே பார்த்தார், யாரும் இல்லை. இதுவரை எல்லாம் முறைப்படி. பிறகு அரை மூச்சு என்ற சொல் அவர் மூளையை அடைந்தது. அடைந்து, அங்கே ஏற்கெனவே குந்தியிருந்த 'எடுக்கிறதெண்டால் பெருசா' என்ற சொல்லைக் கண்டு ஒதுங்கிப்போனது. ஊதினார். இரண்டாம் முறையும் ஊதினார். போதாதென்று மாற்றுக்காக வைத்திருந்த மூச்சுக்குழாயின் வாயைப் பைக்குள் விட்டு அதன் பொத்தானையும் அமுக்கினார். பை புடைத்தது, முறுக்கேறியது, கட்டறுக்கப் பார்க்கும் காளைபோல் ஒருகணம் துடித்தது. பின் மேல்நோக்கிப் பாய்ந்தது.

கயிறு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. உருளை சுழன்றிருக்க வேண்டும். மூன்று சுற்றும் ஏழு முடிச்சும் அதை இரும்புப் பிடியாய்ப் பிடித்திருந்தன. மேலே பெரும்பை இழுத்தது, நடுவில் காப்பு நூல் தடுத்தது, கீழே குலசிங்கனார் இருந்தார். இந்த மூன்றில் எளிதில் நகரக்கூடியது அவர்தான். ஈர மண்ணிலிருந்து முள்ளங்கியைப் பிடுங்குவதுபோல் அந்த எண்பத்தாறு கிலோவும் சடக்கென்று மேலே கிளம்பியது.

நிலாணி கண்டாள். முகமூடிக் கண்ணாடிக்குள் அவள் கண்கள் இரண்டு மடங்காயின. கையை மூடித் திறந்தாள், மூடித் திறந்தாள். விடு, விடு, விடு! அவர் அதைத் தெளிவாகக் கண்டார், தெளிவாகப் புரிந்துகொண்டார், விடவில்லை. யோகராணி காப்புக் கட்டுவித்த பொருளைப் பாழுங் குழிநீரில் எப்படிக் கைவிடுவது? இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். மகள் கீழே சிறுத்துக்கொண்டு போனாள். அப்போது அவர் தம் நுரையீரலில் இருந்த காற்று முழுவதையும் திரட்டி, கடித்திருந்த மூச்சுக்குழாயினூடே, குழியின் நான்கு கற்சுவரும் அதிர ஒரு நாமத்தை முழங்கினார். "முருகாஆஆஆ!"

மேலே எழுந்தது பை. அதைத் தொடர்ந்து எழுந்தார் குலசிங்கனார், இடுப்பு வரை நீருக்கு வெளியே. கரையில் மதிய உணவுக்கு இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கைதட்டியது. பின்னர் சீமோன் மெல்ல மேலே வந்து, அவரைக் கரைக்கு இழுத்துப் போட்டு, மூக்கைப் பார்த்து, நெஞ்சைக் கேட்டு, கடைசியில் உருளையைப் பார்த்தார். "மேல வரேக்க மூச்சை அடக்கினால் நுரையீரல் வெடிச்சிடும் அண்ணை. நீங்கள் கத்தினதாலதான் காத்து வெளிய போனது. முருகன் காப்பாத்தினவர், ஓம். ஆனா கட்டினதும் அவற்ற ஆக்கள்தானே" என்றார். தாளில் அவர் ஒப்பமிடவில்லை.

நுரையீரல் தப்பியது, இடது காது தப்பவில்லை. மருத்துவமனையில் வரிசை நின்று காட்டியபோது மருத்துவர், செவிப்பறையில் சிறு கிழிசல், ஆறு கிழமை தண்ணீருக்குள் தலை நனையக் கூடாது என்றார். படகுக்கு ஏழு நாள் இருந்தது. வீடு திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் நிலாணிதான் காரை ஓட்டினாள். காதில் வழக்கமாக இருக்கும் கருவி அன்று இல்லை. திடீரென்று, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வை டிட்ன்ட் யூ ஜஸ்ட் லெட் கோ, அப்பா? நான் எவ்வளவு பயந்தனான் தெரியுமோ? நீங்கள் மேல போயிட்டீங்கள், எனக்கு உடன வர ஏலாது, மெல்லத்தான் வரவேணும். அந்த நேரம் முழுக்க நான்..." என்றாள்.

பேருந்துப் பெருமான் முழங்காமல், "அம்மா கட்டுவிச்ச நூல்" என்று மட்டும் சொன்னார். "சனிக்கிழமை நீ சீமோனோட இறங்கு. நான் படகில இருக்கிறன்." அப்படிச் சொல்ல அவருக்கு வலித்தது. காதைவிட அதிகம் வலித்தது.

ஆகையால், வீரகாவிய வரலாற்றில் முதன்முறையாக, நாயகர் காதில் பஞ்சு வைத்து, அதன்மேல் கம்பளித் தொப்பி போட்டு, போர்க்களத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் இருக்கையில் அமர்ந்திருந்த காட்சியை நான் பாட வேண்டியிருக்கிறது. டொபமோரிக்கு அப்பால், கண்ணாடிபோல் தெளிந்த நீரில், படகு நங்கூரமிட்டு ஆடியது. நிலாணி விளிம்பில் உட்கார்ந்து, முகமூடியை இழுத்துவிட்டு, அவரைத் திரும்பிப் பாராமலே பின்புறமாய்ச் சரிந்து விழுந்தாள். சீமோனும் விழுந்தார். கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன. காற்று எழுந்து நீரைச் சுருக்கியதும் குமிழிகளும் தெரியாமல் போயின.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். குலசிங்கனார் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், படகைச் சுற்றி ஆறு முறை நடந்தார். படகுத் தலைவர் கால்நீட்டிப் படுத்துத் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டார். அந்தத் தொப்பியைப் பிடுங்கி ஏரிக்குள் எறியவேண்டும் போலிருந்தது நம் நாயகருக்கு. இருபது நிமிடம். காற்றுக் கலன் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டார், ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது. முப்பது நிமிடம். யோகராணி எடுத்த மூன்று அழைப்புகளுக்கும் "எல்லாம் ஓகே" என்றார். இத்தனை நாளும் மிதவை என்பது கீழே இருப்பவரின் பாதுகாப்புக்கான சாமான் என்றே அவர் எண்ணியிருந்தார். மேலே ஒன்றும் தெரியாமல் நிற்கிறவருக்கும் அது வேண்டும் என்பது முப்பத்து நான்காம் நிமிடத்தில்தான் அவருக்குப் புரிந்தது.

முப்பத்தெட்டாம் நிமிடம், இதுவரை கேட்டவர்களே, எழுந்து நில்லுங்கள்! படகின் பின்னால் எண்பது மீற்றர் தள்ளி, யாரும் பார்க்காத திசையில், அலையைப் பிளந்துகொண்டு, கிழக்கில் உதிக்க மறந்த சூரியன் மேற்கில் முளைத்ததுபோல், செம்மஞ்சள் நிறத்தில், சிக்கலின்றி, சரிவின்றி, நேர்குத்தாக, ஒரே ஒரு மீற்றர் நீளத்தில் ஒரு பை எழுந்து நின்றது! "அங்க! அங்க! என்ர பிள்ளை!" என்று குலசிங்கனார் எழுப்பிய பேரொலியில் படகுத் தலைவரின் தொப்பி தானாகவே விழுந்தது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்த மனிதர் துள்ளி எழுந்து, அவர் நீட்டிய கையின் திசையில் பார்த்து, அவர் தோளைத் தட்டிவிட்டுப் படகைத் திருப்பினார்.

மூன்று நிமிடம் கழித்துப் பையின் பக்கத்தில் ஒரு தலை வந்தது. அவள் கையை உயர்த்தித் தன் உச்சந்தலையில் வைத்தாள். நம்மவர்கள் அப்படிக் கைவைத்தால் குடி முழுகிவிட்டது என்று பொருள், சுழியோடிகளிடையே நலம் என்று பொருள். அவரும் தொப்பியோடு சேர்த்துத் தலையில் கைவைத்தார். கண் கலங்கியிருந்தது, அதை ஏரிக்காற்றின்மேல் பழிபோடுவதற்கு வசதியாகக் காற்றும் அடித்தது. படகு நெருங்கியது, ஏணி இறங்கியது, கலனும் துடுப்புமாக நீர் சொட்டச்சொட்ட அவள் ஏறி வந்தாள். முகமூடியைக் கழற்றினாள், அவர் கண்ணை நேராகப் பார்த்தாள், வாய் திறந்தாள். பேராழியும் பெருங்காற்றும் அந்த மொழியைக் கேட்க மூச்சடக்கி நின்றன.

"பசிக்குது அப்பா" என்றாள், அவர் யோகராணி பொரித்துக் கொடுத்தனுப்பிய ரோல்ஸ் பெட்டியைத் திறந்து கொடுத்தார்.